சாம்பல் தின்ற எண்

புலவாயோவின் மகுவேகுவே பேட்டையில் செத்துப்போவதற்கு இன்ஷூரன்ஸ் எடுக்க யாரும் வீட்டைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. கூர்மூக்கு ஷூவும் தோளில் பையுமாக ஏஜெண்டுகள் வாசலுக்கே வந்துவிடுவார்கள். சவப்பெட்டி, பிணத்தைச் சொந்தக் கிராமத்துக்கு எடுத்துப்போகப் பஸ், துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் களி கிண்ட மாவு, அழுது களைத்தவர்களுக்குத் தேயிலை சர்க்கரை என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். மெதுசேலி சிபாண்டாவின் வீட்டு அலமாரியில் அப்படி நாலு தாள் கிடந்தது.

ஆனால் உயிரோடு ஓடிக்கொண்டிருக்கிற ஒரு மோட்டார் சைக்கிளுக்கு இன்ஷூரன்ஸ் வேண்டும் என்று அவர் கேட்டபோது புலவாயோ நகரமே வாயை மூடிக்கொண்டது.

"எந்த வருஷ வண்டி, ஐயா?"

"ஐம்பத்திரண்டு."

"ரெண்டாயிரத்து ஐம்பத்திரண்டா? அது இன்னும் வரவே இல்லையே."

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு, தம்பி."

போனில் அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்கும். பிறகு கட்டாகிவிடும். இரண்டு வாரத்தில் இப்படி ஆறு கம்பெனி ஆயிற்று.

சாலையில் ஓட்டுவதற்கான சாதாரண இன்ஷூரன்ஸ் அவரிடம் எப்போதும் உண்டு. தபாலாபீஸ் கவுண்ட்டரில் இருக்கிறவன் வண்டிப் புத்தகத்தைப் பார்த்து எண்ணைக் காப்பியடித்துச் சீட்டுக் கொடுத்துவிடுவான். வண்டியை ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது கேட்பது முழு இன்ஷூரன்ஸ். செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை பழைய வண்டிகளின் ஊர்வலம். ஊரின் தெற்கே பெரிய பெரிய தோட்ட வீடுகளில் இருக்கிறவர்களின் சங்கம் வருஷா வருஷம் அதை நடத்துகிறது. அவர்களுடைய வண்டிகள் டிரெய்லரில் படுத்துக்கொண்டு வரும், மெயின் தெருவில் அரை மணி நேரம் ஓடும், மறுபடி படுத்துக்கொண்டு போகும். அந்தச் சங்கத்திலிருந்து மகுவேகுவே வீடு ஒன்றுக்கு அழைப்புக் கடிதம் வந்தது இதுவே முதல் தடவை. பெட்ரோல் பங்க்கில் மெதுசேலியின் வண்டியைப் பார்த்த ஒரு கிழவர் பெயரும் விலாசமும் வாங்கிப் போயிருந்தார். கடிதத்தின் கீழே ஒரு வரி இருந்தது. முழு இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி வரிசையில் நிற்கக் கூடாது.

கடிதம் வந்த அன்றே தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பரப்பியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மெதுசேலியின் மனைவிதான். அவளுடைய பெயர் சிபாதிசிவே. ஆனால் அந்தப் பெயரைச் சர்ச் பதிவேடு தவிர யாரும் எடுப்பதில்லை. பிறந்த வீடு கும்போ குலம் என்பதால் கட்டிக்கொண்டவரிலிருந்து காய்கறிக்காரி வரை எல்லோருக்கும் அவள் மாகும்போ. "எங்க வண்டி மெயின் ரோட்டுல போகப்போகுது" என்று குழாயடியில் சொன்னாள். ஒரு வாளித் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்கிற இடம் அது. ஒரு தடவை சொன்னால் போதும்.

'எங்க வண்டி' என்று அவள் சொன்னது சும்மா வாய்வார்த்தை இல்லை. சுதந்திரம் வந்து ஆறாம் வருஷம், ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த மெதுசேலி, தந்திக் கம்பி மேஸ்திரி ஒருவரிடமிருந்து அந்த பி.எஸ்.ஏ.வை வாங்கினார். ஒற்றை சிலிண்டர், அறுநூறு சி.சி., ஸ்டார்ட் ஆனால் டக் டக் என்று நிதானமாகப் பேசும் வண்டி. ஓட்டுவதும் பிரிப்பதும் பூட்டுவதும் அவர் வேலை. துலக்குவது அவள் வேலை. அந்தத் தெருவில் ஒரு பெண்ணின் மானம் அவள் சட்டிகளில் இருக்கிறது. விளக்கி வெயிலில் கவிழ்த்த அலுமினியச் சட்டியில் போகிறவன் முகம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். வாங்கிவந்த முதல் சனிக்கிழமை அவள் இஞ்சினைப் பார்த்தாள். அதுவும் அலுமினியம். கறுத்துப்போய்ச் சாம்பல் பூத்துக் கிடந்தது. "இதைப் பார்த்தா ஊரு என்னை என்ன சொல்லும்?" என்று சட்டிகளோடு சேர்த்து அதையும் தேய்த்தாள். அன்றிலிருந்து முப்பத்தாறு வருஷம், ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. பிரசவித்த வாரம்கூடப் பாயில் படுத்தபடி தங்கையை வைத்துத் தேய்க்கவைத்து, சரியில்லை என்று திட்டியிருக்கிறாள்.

மொப்பானி மரத்து விறகுச் சாம்பல்தான் வேண்டும். வேறு விறகுச் சாம்பல் கீறிவிடும். மின்சாரம் பாதி நாள் இருப்பதில்லை என்பதால் வீட்டுக்குப் பின்னால் விறகு அடுப்பு எப்போதும் எரியும், சாம்பலுக்குக் குறைவில்லை. அதைப் பழைய காலுறையில் போட்டுச் சலித்து, எலுமிச்சைச் சாறு விட்டுக் குழைத்து, நைந்துபோன கம்பளித் துண்டால் வட்டம் வட்டமாகத் தேய்ப்பாள். அந்த இஞ்சினைப் பார்த்துத்தான் தெருவில் பாதிப் பெண்கள் தலைமுடியைச் சரிசெய்துகொள்வார்கள்.

ஏழாவது கம்பெனியின் ஆள் நேரிலேயே வந்தான். பெகெசெலா ட்ஷூமா என்று பெயர். இவனும் சாவு பாலிசி விற்கிறவன்தான், ஆனால் ஹராரேயில் இருக்கிற தலைமை ஆபீஸில் பழைய வண்டிக்கென்று ஒரு விண்ணப்பப் பாரம் இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்திருந்தான். காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலை. மாகும்போ அவனுக்காக விடியலிலேயே எழுந்து வண்டியை இரண்டு தடவை தேய்த்து, தேநீரும் பன்னும் வறுத்த மொப்பானி மரப் புழுவும் தட்டில் வைத்திருந்தாள்.

பெகெசெலா வண்டியைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டான்.

"அம்மாடி. இதென்ன, வண்டியா கண்ணாடிக் கடையா?"

மாகும்போவுக்கு உள்ளுக்குள் பால் பொங்கியது. "சும்மா துடைச்சு வெச்சிருக்கேன். இன்னும் சரியாத் தேய்க்கலை" என்றாள்.

அவன் பாரத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு நிரப்பினான். உடைமைக்காரர், தயாரித்த வருஷம், சேஸிஸ் எண். ஹாண்டில்பாருக்குக் கீழே வண்டியின் கழுத்தருகில் குனிந்து அதைப் படித்து வண்டிப் புத்தகத்தோடு சரிபார்த்தான். சரியாக இருந்தது. பிறகு இஞ்சின் எண்ணுக்காக இடது பக்கம் மண்டியிட்டான். சிலிண்டருக்குக் கீழே விரலால் தடவினான். கைபேசி விளக்கைப் போட்டான். மறுபடி தடவினான்.

"சிபாண்டா ஐயா, எண் எங்கே?"

"அங்கதான் இருக்கு, தம்பி. சிலிண்டருக்குக் கீழ."

"இங்க என் மூஞ்சிதான் இருக்கு."

மெதுசேலி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எழுபதை எட்டப்போகிற முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. அவர் தடவினார். சிலிண்டரை எத்தனையோ தடவை கழற்றியிருக்கிறார். எண்ணைத் தேடிப் பார்க்க அவருக்கு ஒருநாளும் அவசியம் வந்ததில்லை. தன் வண்டியின் எண்ணை யார் பார்ப்பார்கள்? அந்த இடம் கோழிமுட்டை ஓடு மாதிரி வழுவழுவென்று இருந்தது.

பெகெசெலா எழுந்து கால்சட்டையைத் தட்டினான். குரல் மாறிவிட்டது. "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. எண் இல்லாத இஞ்சின்னா எங்க ஆபீஸ்ல ஒரே அர்த்தம்தான். திருடன்தான் எண்ணை அரம் போட்டு ராவுவான்."

"என் வீட்டு முற்றத்துல நின்னுக்கிட்டு யாரைத் திருடன்ங்கற?"

"நான் சொல்லலை, ஐயா. பாரம் சொல்லுது. வண்டித் திருட்டுப் போலீஸ்கிட்ட போய் 'இது சுத்தம்'னு ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

"போலீஸ் சுத்தம் இல்லேன்னு சொன்னா?"

அவன் பன்னை மென்றபடி தரையைப் பார்த்தான். "அப்ப வண்டி அங்கேயே நிக்கும்."

மாகும்போவின் வலது கட்டைவிரல் தன்னால் இடுப்பில் சுற்றியிருந்த துணிக்குள் ஒளிந்துகொண்டது. கண் மறந்ததைக் கட்டைவிரல் மறக்கவில்லை. ஆரம்ப வருஷங்களில் அந்த இடத்தில் ஏதோ சொரசொரப்பு இருக்கும். சட்டியில் அடிப்பிடித்த மாதிரி. அழுக்குப் போகமாட்டேன் என்கிறதே என்று அங்கே மட்டும் கூடுதல் சாம்பல் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துவாள். ஒருநாள் அந்தச் சொரசொரப்பு போயே போய்விட்டது. அன்றைக்கு அவள் எவ்வளவு சந்தோஷப்பட்டாள் என்பதும் நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் களியும் கீரையும் வைத்துவிட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"சிபு அப்பா," என்று மூத்த பிள்ளையின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "அதை நான்தான் தேய்ச்சு எடுத்துட்டேன்."

அவர் களியை உருட்டியபடியே இருந்தார். "எதை?"

"இஞ்சின் நம்பரை. அழுக்குன்னு நினைச்சேன். வருஷக்கணக்கா அதோட சண்டை போட்டு ஜெயிச்சேன். என் கையாலேயே வண்டியைக் கெடுத்துட்டேன். ஊரெல்லாம் சொல்லிவெச்சேன் வேற."

மெதுசேலி கையில் இருந்த உருண்டையைத் தட்டில் வைத்தார். கோபப்படுவார் என்று அவள் பார்த்தாள். அவர் எழுந்துபோய் வண்டியருகே குனிந்து, அந்த இடத்தை விரலால் அளந்துவிட்டுத் திரும்பினார். முகத்தில் இருந்தது கோபம் இல்லை.

"ரயில்வே பட்டறையில அலுமினியம் ராவ எங்களுக்கு மிஷின் இருந்துச்சு. அதாலகூட இவ்வளவு வழவழப்பா எடுக்க முடியாது" என்றார். பிறகு, "நீ யார்கிட்டயும் சொல்லாத. நாளைக்குப் போலீஸ்ல நான்தான் வெல்டிங் வெச்சப்ப ராவிட்டேன்னு சொல்லிக்கறேன். பொம்பளைய அங்க உட்கார வெச்சுக் கேள்வி கேப்பானுங்க."

"நான் வருவேன்."

"எதுக்கு?"

"வண்டியை அங்க புடிச்சு வெச்சுக்கிட்டா கடைசியா ஒருதடவை துடைச்சுட்டு வர வேணாமா?"

அந்த ராத்திரி அவள் தூங்கவில்லை என்று எழுதினால் பொய். அடுப்பு, குழாயடி, வண்டி என்று உழைத்த உடம்பு, படுத்ததும் தூங்கிவிட்டது. ஆனால் எழுந்திருக்கும்போதே நெஞ்சில் ஒரு கல் இருந்தது.

வண்டித் திருட்டுப் போலீஸின் முற்றம் பார்ப்பதற்கு ஒரு சுடுகாடு. பிடிபட்ட கார்களும் பைக்குகளும் டயர் இறங்கி வரிசையாக நின்றன. ஒரு காருக்குள்ளிருந்து புல் முளைத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டு மாங்வென்யா காலையில் வழியனுப்பும்போதே சொல்லியிருந்தாள், "அங்க போன வண்டி திரும்பினதா சரித்திரமே இல்ல, அக்கா" என்று. நல்ல வார்த்தை சொல்லியனுப்ப ஆள் வேண்டுமென்றால் அவளைத்தான் கூப்பிட வேண்டும்.

சார்ஜென்ட் நியோனி நல்ல பருமன். மின்சாரம் இல்லாததால் முற்றத்திலேயே மூன்று கல் கூட்டி, ஒரு பெண் கான்ஸ்டபிள் கரிபிடித்த அலுமினியக் கெட்டிலில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்தார், விசிலடித்தார், பிறகு இடது பக்கம் குனிந்தார். விசில் நின்றது.

"யார் செஞ்சது இது?"

"நான்தான் சார்" என்றார் மெதுசேலி. "வெல்டிங் வெச்சப்ப ராவிட்டேன்."

"இஞ்சின் எண்ணை ராவினேன்னு ஒத்துக்கறீங்க. எழுதிக்கட்டுமா? அந்தக் குத்தத்துக்கு என்ன தண்டனைன்னு தெரியுமில்ல?"

பேனா காகிதத்தைத் தொட்டுவிட்டது. மாகும்போ நடுவில் புகுந்தாள்.

"எழுதாதீங்க! இவரு பொய் சொல்றாரு."

"மாகும்போ, சும்மா இரு."

"நீங்க சும்மா இருங்க. முப்பத்தாறு வருஷம் நான் பாடுபட்ட வேலையை ஒரு நிமிஷத்துல உங்க பேருக்கு எழுதிக்கலாம்னு பார்க்கறீங்களா? இவரு ஒரு சனிக்கிழமையாச்சும் துணியைக் கையில தொட்டிருக்காரான்னு கேளுங்க, சார். நான்தான் தேய்ச்சேன். சாம்பலும் எலுமிச்சையும் போட்டுத் தேய்ச்சேன். திருடறதுக்கு இல்ல, துலக்கறதுக்கு!"

சார்ஜென்ட் பல்குச்சியை வாயின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தள்ளினார். "அம்மா, நான் இந்த வேலையில இருபது வருஷமா இருக்கேன். அமிலம் ஊத்தினவன், உளி வெச்சவன், மேல வேற எண் குத்தினவன் எல்லாரையும் பார்த்திருக்கேன். சாம்பல் போட்டு எண்ணை அழிச்சேன்னு யாரும் எனக்குக் காது குத்தினதில்லை."

"நம்பலையா?"

"நம்பலை."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். கான்ஸ்டபிள் பெண்ணிடம் போய், "இது என்ன விறகு, பாப்பா?" என்றாள்.

"மொப்பானி, அம்மா."

"நல்லது. தேநீரை ஊத்திட்டு அந்தக் கெட்டிலை இப்படிக் கொடு. ஒரு எலுமிச்சம்பழம் யாராச்சும் வாங்கிட்டு வாங்க. காலுறை இருக்கா?"

யாரிடமும் உபரிக் காலுறை இல்லை. கடைசியில் மெதுசேலி தன் காலிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். அவள் முற்றத்துத் தரையில் கால்களை நீட்டி உட்கார்ந்து, சாம்பலைச் சலித்துக் குழைத்துத் தேய்க்கத் தொடங்கினாள். வெயில் ஏறியது. புகார் கொடுக்க வந்தவர்கள் புகாரை மறந்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். முதலில் கரி போயிற்று. பிறகு மங்கல் போயிற்று. அரை மணி நேரத்தில் கெட்டிலின் வயிற்றில் சார்ஜென்ட் நியோனியின் பெரிய முகம் அகலமாகத் தெரிந்தது. அடிப்பக்கம் குத்தியிருந்த பாத்திரக் கம்பெனி முத்திரையின் ஓரம் மழுங்கத் தொடங்கியிருந்தது.

"இது அரை மணி நேர வேலை" என்றாள் மூச்சு வாங்க. "முப்பத்தாறு வருஷத்துக்குக் கணக்குப் போட்டுக்குங்க."

"போதும்மா, விடுங்க. அது அரசாங்கச் சொத்து" என்று கெட்டிலைப் பிடுங்கிக்கொண்டார் சார்ஜென்ட். கூட்டம் சிரித்தது.

ஆனால் அந்த மனிதர் வேலை தெரிந்தவர். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வண்டியருகே தரையில் படுத்தேவிட்டார். நெடுநேரம் பார்த்தார்.

"அரம் போட்டா நேர்கோடு விழும். மிஷின் போட்டா வளையம் விழும். இங்க ரெண்டும் இல்ல. ஒரு பக்கமா லேசாக் குழிஞ்சு, ஜனங்க மிதிச்சு மிதிச்சுத் தேய்ஞ்ச கல்படி மாதிரி இருக்கு." எழுந்து உட்கார்ந்தார். "நான் நம்பறேன், அம்மா. ஆனா என் நம்பிக்கையைக் கடிதத்துல எழுத முடியாது. எண் வேணும்."

"போன எண்ணுக்கு நான் எங்க போவேன்?"

"எங்கயும் போகலை. குத்தும்போது மேல இருக்கற உலோகம் மட்டும் இல்ல, அடியில இருக்கறதும் நசுங்கும். மேல தேய்ஞ்சுபோனாலும் அடியில அந்தக் காயம் இருக்கும். அதைக் கூப்பிட்டுப் பார்க்கலாம். நீங்க ரொம்ப ஆழமாத் தேய்ச்சிருந்தீங்கன்னா வராது."

"வரலைன்னா?"

அவர் டயர் இறங்கிய வரிசையைப் பார்த்தார். மெதுசேலியும் பார்த்தார். அவர் கை மெல்ல வந்து இருக்கையைப் பிடித்துக்கொண்டது.

கான்ஸ்டபிள் பெண் ஒரு புட்டி கொண்டுவந்தாள். காஸ்டிக் சோடாத் தண்ணீர். மாகும்போ மூக்கை நீட்டி மோந்தாள்.

"சாம்பலை ஊறவெச்ச தண்ணி மாதிரி இருக்கே."

"அதே சாதிதான். இது கொஞ்சம் முன்கோபி" என்றார் சார்ஜென்ட்.

கண்ணாடிக் குச்சியில் பஞ்சைச் சுற்றி நனைத்து அந்த வழுவழுப்பின் மேல் தடவினார். நுரை வந்தது. பளபளப்பு கறுத்தது. மாகும்போவுக்குத் தன் கன்னத்தில் யாரோ கரி பூசினதைப் போல இருந்தது, ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவர் துடைத்தார், மறுபடி தடவினார். ஒன்றும் இல்லை. மூன்றாம் தடவை தடவியபோது கறுப்புக்குள்ளிருந்து இன்னும் கறுப்பாக ஒரு கோணல் கோடு எழுந்தது.

"இசட்" என்றார் சார்ஜென்ட்.

"எம்... இருபத்தொண்ணு." கான்ஸ்டபிள் பெண் வண்டிப் புத்தகத்தில் ஒவ்வொன்றாக விரல் வைத்தாள். "எட்டு. நாலு. சைபர்."

அதோடு நின்றுவிட்டது. கடைசி எண்ணின் இடம் வெறும் கறுப்பாக இருந்தது. இரண்டு தடவை தடவினார். வரவில்லை. ஆரம்பத்தில் வந்த இசட் மங்கத் தொடங்கிவிட்டது.

"ஒரு எண் குறைஞ்சாலும் எழுத முடியாது" என்றார் சன்னமாக.

"சார், பொறுங்க." மாகும்போ அவர் பக்கத்தில் மண்டியிட்டாள். "எனக்கு வலது கைப்பழக்கம். அந்தக் கோடியில கட்டைவிரல் திரும்பும், அங்கதான் முழு பாரமும் விழும். மத்த இடத்தைவிட அங்க ஆழமாப் போயிருக்கும். அதுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்க. துடைக்காதீங்க. ஊறட்டும்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு பஞ்சை நன்றாக நனைத்து அந்த மூலையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். காத்திருந்தார்கள். புழுதிக் காற்று ஒன்று முற்றத்தைக் கடந்து போயிற்று. மெதுசேலி வேதக்காரர்தான், ஆனால் அந்த நேரத்தில் அவர் வாய் முணுமுணுத்தது ஜபம் இல்லை. "ஆறு, ஆறு, ஆறு" என்றுதான்.

சார்ஜென்ட் பஞ்சை எடுத்தார். ஒரு வளைவு. அதன் வயிற்றில் ஒரு வட்டம்.

"ஆறு" என்றார்.

"ஆறு!" என்று கான்ஸ்டபிள் பெண் புத்தகத்தோடு குதித்தாள். புகார் கொடுக்க வந்தவர்கள் கைதட்டினார்கள். யாரோ ஒரு கிழவி நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். நாலு கைபேசியில் படம் எடுத்து முடிப்பதற்குள் இசட் முழுக்கப் போய்விட்டது. மாகும்போ தரையில் உட்கார்ந்து அழுதாள். வெட்கமில்லாமல், சத்தமாக. மெதுசேலி ஒற்றைக் காலுறையோடு அவள் அருகில் வந்து நின்றார்.

"எழுந்திரு. அழிச்சதும் நீதான், கொண்டாந்ததும் நீதான். நான் என்ன மயித்துக்கு ஃபிட்டரா இருந்தேன்" என்றார். அவர் கண்ணும் நிறைந்திருந்தது.

கடிதம் எழுதும்போது சார்ஜென்டுக்கு இன்னொரு சிக்கல் வந்தது. எண் மறைந்த காரணத்துக்குப் பாரத்தில் மூன்றே கட்டம். விபத்து, துரு, குற்றம். அவர் மூன்றையும் அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினார், 'உடைமைக்காரரின் மனைவி துலக்கியதால்' என்று. பிறகு சட்டப்படி அதே எண்ணை அதே இடத்தில் புதிதாகக் குத்திக் கொடுத்தார்கள். சுற்றிலும் காஸ்டிக் கறுப்பு அப்படியே இருந்தது.

பெகெசெலா அந்தக் கடிதத்தை ஹராரேக்கு அனுப்பினான். தலைமை ஆபீஸிலிருந்து மூன்று தடவை போன் வந்தது. துலக்கியது என்றால் என்ன, எதைக்கொண்டு, எவ்வளவு காலமாக, இன்னும் துலக்குகிறார்களா? பெகெசெலா பொறுமையாகச் சொன்னான். ஊர்வலத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பாலிசியை அவனே வீட்டுக்குக் கொண்டுவந்தான். நல்ல கனமான காகிதம், கீழே சிவப்பு முத்திரை.

மெதுசேலி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேஜையில் வைத்துப் படித்தார். திருட்டு உண்டு, தீ உண்டு, வெள்ளம் உண்டு. ஒன்பதாவது நிபந்தனைக்கு வந்ததும் நிறுத்தினார்.

"என்ன? என்ன போட்டிருக்கான்?" என்றாள் மாகும்போ.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சர்ச்சில் வேதம் வாசிக்கிற குரலில் வாசித்தார். "'இஞ்சின் எண் பொறிக்கப்பட்டுள்ள பகுதியையும் அதைச் சுற்றி இரண்டு அங்குலத்தையும் திருமதி சிபாதிசிவே சிபாண்டா அவர்கள் எக்காரணம் கொண்டும் துலக்கக் கூடாது. துலக்கினால் இந்தப் பாலிசி செல்லாது.'"

பெகெசெலா அவசரமாக, "தப்பா எடுத்துக்காதீங்க அம்மா, அவங்க நான் சொல்லச் சொல்லக் கேக்காம..." என்று தொடங்கினான்.

"இன்னொருதடவை படிங்க" என்றாள் மாகும்போ.

அவர் படித்தார்.

"திருடனுக்கு இப்படிப் பேரு போட்டு எழுதியிருக்கானா?"

"இல்ல. திருடன்னு பொதுவாத்தான் இருக்கு."

"தீக்கு? வெள்ளத்துக்கு?"

"உன் ஒருத்தி பேருதான் இருக்கு, மாகும்போ."

அவள் எழுந்து கதவைத் திறந்து, "மாங்வென்யா! இங்க வா, சீக்கிரம் வா. சிபு அப்பா ஒண்ணு படிப்பாரு, கேளு" என்று கூவினாள். அன்று சாயங்காலத்துக்குள் மெதுசேலி ஒன்பதாம் நிபந்தனையைப் பதினோரு தடவை வாசிக்க வேண்டியிருந்தது. தொண்டை கட்டிவிட்டது.

சனிக்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. டிரெய்லர்களிலிருந்து வண்டிகள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருக்கும்போது, மகுவேகுவேயிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் டக் டக் என்று தானே ஓடிவந்து வரிசையில் நின்ற ஒரே வண்டி அதுதான். பின்னால் சர்ச் சீருடையில், தலையில் வெள்ளைத் துணியோடு மாகும்போ இறங்கினாள். சங்கத்துக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். பாலிசியைச் சரிபார்க்க வந்த உயரமான ஆள் இஞ்சினில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டான். பிறகு இடது பக்கம் குனிந்தான்.

"எல்லா இடமும் ஜொலிக்குது. இங்க மட்டும் ஏம்மா உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பா விட்டிருக்கீங்க? மறந்துட்டீங்களா?"

மாகும்போ நிமிர்ந்து நின்றாள். அந்த ஆளைவிட ஒரு முழம் குட்டை, ஆனால் அப்படித் தெரியவில்லை.

"மறக்கலை, தம்பி. ஹராரேயில இருந்து பெரிய கம்பெனிக்காரங்க முத்திரை போட்டுக் காகிதம் எழுதிக் கேட்டுக்கிட்டாங்க. போனாப் போகுதுன்னு அந்த இடத்தை மட்டும் அவங்களுக்கு விட்டுக்கொடுத்திருக்கேன்."